சமூகப் பதற்றத்தின் தீவிரத்தை அளப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளம் வயதினரின் சமூகப் பதற்றத்தை, அதாவது பிறர் முன்னிலையில் எழும் மிகையான அச்சத்தை, மதிப்பிடப் பழகுபவர்களின் படிவங்களைச் சரிபார்க்கும்போது, கூட்டல் பிழைகள் எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. கூட்டல் சரியாக இருந்தும் முடிவு பிழையாகிவிடுவதுதான் உறுத்துகிறது.

நேராத சூழலுக்குப் பூஜ்யம் போடுவது

சமூகப் பதற்றத்தை அளக்க 1987இல் வெளியான லீபோவிட்ஸ் அளவுகோலில் 24 சூழல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் அச்சத்துக்கும் தவிர்ப்புக்கும் தனித்தனியே 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு என்பதால் உச்ச அளவு 144. கேள்விகள் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை என்பதால்தான் சிக்கல் வருகிறது. விடுமுறையில் அறையைவிட்டே வெளிவராத ஒரு கல்லூரி மாணவரிடம், "கூட்டத்தில் பேசினீர்களா?" என்று மதிப்பிடப் பழகும் ஒருவர் கேட்டார், "இல்லை" என்று பதில் வந்ததும் இரண்டு கட்டங்களிலும் பூஜ்யம் போட்டார். அறிமுகமற்றவர்களைச் சந்திப்பது, பிறர் பார்க்க எழுதுவது என்று எல்லாவற்றுக்கும் அதே கதைதான். மொத்தம், சமூகப் பதற்றம் இருக்கலாம் என ஐயுறுவதற்கான எல்லையாகப் பலரும் கொள்ளும் 30ஐக்கூட எட்டவில்லை.

நேராத சூழல் நேர்ந்திருந்தால் எவ்வளவு அஞ்சியிருப்பார், எந்த அளவுக்குத் தவிர்த்திருப்பார் என்று கற்பனை செய்து பதில் சொல்லச் சொல்ல வேண்டும் என்பது அளவுகோலின் அறிவுரையிலேயே இருக்கிறது. அப்படிக் கேட்டபோது அதே மாணவரின் மதிப்பெண் 60ஐத் தாண்டியது. எவர் மிகுதியாக ஒதுங்கி வாழ்கிறாரோ அவருக்கே மிகக் குறைந்த மதிப்பெண் கிடைக்கும் இந்தத் தலைகீழ்க் கணக்கு அதோடு நிற்பதில்லை: சிகிச்சை பலித்து அவர் வெளியே செல்லத் தொடங்கியதும் அச்சம் முதன்முறையாகப் பதிவாகி, நோய் முற்றிவிட்டதாகவே படிவம் காட்டும். பலன் தந்துகொண்டிருக்கும் சிகிச்சையை இதை நம்பி மாற்றுபவர்களைக் கண்டால் இன்றும் எரிச்சல் வருகிறது.

"போனேன்" என்ற பதிலோடு நின்றுவிடுவது

வகுப்புக்குப் போனவர் கடைசி வரிசையில் கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல் அமர்ந்திருந்தாரா என்றும் கேளுங்கள். கேட்பவரையே அதிகாரத்தில் உள்ளவராகக் கருதி அஞ்சும் இளைஞர், சங்கடத்தைத் தவிர்க்க "பரவாயில்லை" என்று சொல்லிவிடக்கூடும்.

எதிர்த்திசை வினாக்களை மறப்பது

சமூக ஊடாட்டப் பதற்ற அளவுகோலின் 20 வினாக்களில் 3 எதிர்த்திசையில் அமைந்தவை; அவற்றில் கூடுதல் மதிப்பெண் குறைந்த பதற்றத்தையே காட்டும். அவற்றைத் திருப்பிய பிறகே கூட்ட வேண்டும்.

நடுவில் அளவுகோலை மாற்றுவது

ஸ்பின் (SPIN) என்ற மற்றொரு சமூகப் பதற்ற வினாப்பட்டியலில் 68க்குக் கிடைத்த மதிப்பெண்ணை லீபோவிட்ஸ் அளவுகோலில் 144க்குக் கிடைத்த மதிப்பெண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

எல்லை எண்ணையே நோய் முடிவாக்குவது

ஸ்பினில் 19 என்பது மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பதற்கான குறி மட்டுமே. படிப்பும் வேலையும் எவ்வளவு பாதிக்கப்பட்டுள்ளன என்பதை நேர்காணலில்தான் அறிய முடியும்.