குன்னூரில் கண்ணாடிக் கடை போடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கண்ணாடிக் கடை என்றதும் கைக்காசு முதலில் ஷோகேசுக்குப் போய்விடும். குன்னூரில் கடை போட்டபோது நானும் அப்படித்தான். லென்ஸ் பவரைச் சரிபார்க்கும் லென்சோமீட்டரை அப்புறம் வாங்கலாம் என்று தள்ளிவைத்தேன். கோவை லேபிலிருந்து வந்ததை அப்படியே ஃப்ரேமில் மாட்டிக் கொடுத்தேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) இரண்டு பஸ் மாறி ஒருவர் திரும்பி வந்தார். வலது கண் லென்ஸ் இடது பக்கம் ஏறியிருந்தது! மறுவாரமே மெஷின் வாங்கினேன்.

அடுத்தது பி.டி., அதாவது இரண்டு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தூரம். எல்லோருக்கும் 62 மி.மீ. போட்டால் ஓடும் என்பார்கள். சின்ன பவருக்கு ஓடும். மைனஸ் 6 பவரில் லென்ஸின் மையம் 3 மி.மீ. விலகினாலே அந்தக் கண்ணில் 1.8 பிரிசம் (ஒளியைப் பக்கவாட்டில் வளைக்கும் அளவு) சேர்ந்துவிடும். தலைவலி வரும், ஆள் 'பவர் தப்பு' என்று சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போவார். பவர் சரியாகத்தான் இருந்திருக்கும்.

என்னுடைய பெரிய தவறு வேறு. வெள்ளெழுத்து வந்த ஒரு தோட்டத் தொழிலாளிக்கு, அட்டையைக் கையில் கொடுத்துப் படிக்கவைத்து, பிளஸ் 2.50 எழுதினேன். பத்து நாளில் திரும்பி வந்தார். "தம்பி, பேப்பர் நல்லா தெரியுது. நான் எங்க பேப்பர் படிக்கிறேன்? கொழுந்துதான் தெரியல."

2.50 என்பது 40 செ.மீ. தூரத்துக்கான பவர். தேயிலைச் செடி இடுப்பளவுதான், கண்ணிலிருந்து 60, 70 செ.மீ. தள்ளி இருக்கும். அதற்கு 1.50 போதும். அன்றிலிருந்து, "கையை எங்கே வைத்து வேலை செய்வீங்க, காட்டுங்க" என்று கேட்டு, டேப் பிடித்து அளந்துவிட்டுத்தான் பவர் எழுதுகிறேன். தையல்காரர், பஸ் டிரைவர், எல்லோரிடமும் இதே கேள்விதான்.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயது தாண்டிய 751 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி கொடுத்ததும், கொடுக்காதவர்களைவிடப் பறிப்பு சுமார் 22 சதவீதம் கூடியது. அவர்களுக்குக் கண்ணாடி என்பது கூலி. அதேபோல், சரிவில் ஏறி இறங்குபவருக்கு பைஃபோகலை (மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் பவர் உள்ள லென்ஸ்) தள்ளிவிடாதீர்கள். குனிந்து காலடியைப் பார்த்தால் கீழ்ப் பகுதி வழியாகத் தரை மங்கும். கிட்டத்துக்குத் தனிக் கண்ணாடி, கழுத்தில் ஒரு கயிறு, அது போதும்.

குளிருக்கென்றே சில தவறுகள் உண்டு. வெயிலில் கறுக்கும் லென்ஸ் குளிரில் இன்னும் கறுக்கும், தெளியவும் நேரமெடுக்கும், விற்கும்போதே சொல்லிவிடுங்கள். மார்கழிக் காலையில் பிளாஸ்டிக் ஃப்ரேமைச் சூடு காட்டாமல் வளைத்தால் டக்கென்று முறியும். பவர் சோதிக்கும் லென்ஸ்கள் இருக்கும் ட்ரையல் செட் பெட்டியில் சிலிக்கா ஜெல் போடாவிட்டால் லென்ஸில் பூஞ்சை படியும்.

படிப்பு விஷயம் சுருக்கம்தான்: பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருட டிப்ளமோ, அல்லது பயிற்சியோடு நான்கு வருட பி.ஆப்டம். எது படித்தாலும் போர்டில் 'கண் மருத்துவர்' என்று எழுதாதீர்கள். சின்னக் குழந்தைகளையும், சர்க்கரை ஏறி இறங்கிப் பவர் மாறிக்கொண்டே இருப்பவர்களையும் டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள்.

ஐப்பசி பிறக்குமுன் ரெடிமேட் ரீடிங் கண்ணாடி 1.00 முதல் 3.00 வரை கையிருப்பு வையுங்கள். மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் கோவைப் பார்சல் கோத்தகிரி சுற்றித்தான் வரும்.