சாரல் அடிக்கும் ஜன்னலுக்கு மோட்டார் ஷட்டர்: வயரிங்கும் லிமிட் செட்டிங்கும்

செங்கோட்டை, புளியரை, பண்பொழி, மேக்கரை பக்கம் மேற்குப் பார்த்த ஜன்னல் வைத்தவர்களுக்கு ஜூன் பிறந்தால் ஒரு வேலை கூடிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று சாரலை மேலிருந்து கீழே விடாது. படுக்கவைத்து அறைக்குள் அடிக்கும். ஜன்னலுக்கு வெளியே அலுமினியச் சுருள் ஷட்டர் போட்டால் சாரலும் நிற்கும், சித்திரை மாதத்துச் சாயங்கால வெயிலும் தணியும். அதற்கு மோட்டார் போடுவது பெரிய வித்தையல்ல. கெட்டுப்போகிற இடங்கள் நாலைந்துதான். அவற்றில் முதல் இடம் வயரின் நிறத்துக்கு.

இங்கே சொல்வது ஷட்டர் சுற்றிக்கொள்ளும் குழாய்க்குள் நுழைந்து உட்காரும் டியூபுலர் மோட்டாரைப் பற்றி. கடை ஷட்டரின் ஸ்பிரிங், செயின், பக்கவாட்டு மோட்டார் எல்லாம் வேறு சங்கதி. அந்தக் கணக்கை ஜன்னலுக்குக் கொண்டுவர வேண்டாம்.

எத்தனை நியூட்டன் மீட்டர்?

மோட்டாரின் சுழற்றும் பலத்துக்கான அளவு அது. ஜன்னல் ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். குழாயில் சுற்றியிருப்பதற்கு 20 செ.மீ. சேர்த்தால் 1.5 × 1.7 = 2.55 சதுர மீட்டர். உள்ளே ஃபோம் நிரப்பிய அலுமினியப் பட்டை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ. அடிப்பட்டை ஒரு கிலோவையும் சேர்த்தால் மொத்தம் 8.7 கிலோ. 60 மி.மீ. எண்கோணக் குழாயில் முதல் சுற்றின் ஆரம் சுமார் 4 செ.மீ. 8.7 × 9.81 × 0.04 என்று பெருக்கினால் 3.4 நியூட்டன் மீட்டர். பட்டைகள் ஓடும் பக்கச் சேனலின் உராய்வுக்குப் பாதி சேர்த்தால் 5. ஆக, காகிதத்தில் 10 நியூட்டன் மீட்டர் மோட்டார் தாராளம்.

காகிதத்தோடு நிற்க முடியாது. இந்த மோட்டாரின் பலம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப இறங்கும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் பலம் 61 சதவீதம். 10 என்று வாங்கியது 6 ஆகிவிடும். அதே நேரம் காற்று பட்டைகளைச் சேனலோடு அழுத்தி உராய்வைக் கூட்டும். கணவாய்க் காற்றுக்கு நேர் எதிரே இருக்கும் ஜன்னலுக்கு 15 அல்லது 20 வாங்குவது புத்திசாலித்தனம். அதற்காக 50 போடக் கூடாது. ஷட்டர் எங்காவது சிக்கினால் சின்ன மோட்டார் திணறி நிற்கும். பெரிய மோட்டார் பட்டையைக் கிழித்துவிட்டுத்தான் நிற்கும். இரும்புத் தகடு ஷட்டர் என்றால் எடை மூன்று மடங்கைத் தாண்டும், சுருளும் தடிக்கும். அதற்கு 30 வரை போகலாம்.

60 மி.மீ. குழாய்க்கு 45 மி.மீ. மோட்டார். அதோடு இரண்டு பிளாஸ்டிக் அடாப்டர் வரும். ஒன்று நுனியில் மாட்டும் டிரைவ் வீல். குழாயைச் சுழற்றுவது அதுதான். மற்றது வயர் வெளியே வரும் தலைப்பக்கம் மாட்டும் வளையம். ஷட்டர் மேலேயும் கீழேயும் தானாக நிற்கும் இடம்தான் லிமிட். குழாய் எத்தனை சுற்று சுற்றியது என்று அதற்குக் கணக்குச் சொல்வது இந்த வளையம். வளையம் குழாய்க்குள் முழுசாக இறங்கி, குழாயோடு சேர்ந்து சுற்ற வேண்டும். அரைகுறையாக நின்றால் இன்று வைத்த லிமிட் நாளை இருக்காது. மோட்டாரைச் சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றாதீர்கள். டிரைவ் வீல் எங்கே வருகிறது என்று வெளியிலிருந்து அளந்து குறித்து, அந்த இடத்தில் மட்டும் துளை போட்டுத் திருகாணியோ ரிவெட்டோ அடியுங்கள். 2 செ.மீ. தவறினால் டிரில் மோட்டாருக்குள் போய்விடும்.

நிறம்

சுவிட்சில் ஓடும் சாதாரண மோட்டாரிலிருந்து நான்கு வயர் வரும். நீலம் நியூட்ரல். பிரவுன் ஒரு திசைக்கு ஃபேஸ், கறுப்பு மறு திசைக்கு ஃபேஸ். பச்சை-மஞ்சள் எர்த். நம் வீடுகளிலோ கறுப்பு என்றால் நியூட்ரல். த்ரீ ஃபேஸ் வீடாக இருந்தால் நீலம் ஒரு ஃபேஸ். இரண்டு நிறமும் தலைகீழ்! புனலூர்ப் பக்கம் வயரிங் செய்த வீடானாலும் தென்காசிப் பக்கம் செய்த வீடானாலும் இதில் வித்தியாசமில்லை.

‘கறுப்புக்குக் கறுப்பு’ என்று முறுக்கி, நீலத்தையும் பிரவுனையும் சுவிட்சுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு பட்டனுக்கு மோட்டார் ஒழுங்காக ஓடும். மறு பட்டனுக்கு உறுமும், சுற்றாது, சூடாகும். பலரும் மோட்டார் பழுது என்று கழற்றிக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோவது இந்த நிலையில்தான்.

சந்தேகம் வந்தால் மின்சாரத்தை நிறுத்தி, மோட்டார் வயரை எல்லா இணைப்பிலிருந்தும் பிரித்து, மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். நீலம்–பிரவுன், நீலம்–கறுப்பு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும். பிரவுன்–கறுப்பு அந்த இரண்டின் கூட்டுத்தொகை. ஆக, மற்ற இரண்டோடும் குறைந்த அளவு காட்டும் வயர்தான் நியூட்ரலுக்கு உரியது. பிரவுனோ கறுப்போ மற்ற இரண்டோடும் ஓப்பன் என்று காட்டினால் மோட்டார் அந்தத் திசையின் லிமிட்டில் நிற்கிறது, கெட்டுப்போகவில்லை.

சுவிட்சும் சப்ளையும்

போர்டிலிருந்து தனி லைன், 6 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச்), 1.5 சதுர மி.மீ. செம்பு வயர். மோட்டார் இழுப்பது ஓர் ஆம்பியர் பக்கம்தான். எர்த்தை விடாதீர்கள், ஷட்டர் சுருண்டு உட்காரும் உலோகப் பெட்டி மழையில் நனையும். லைசென்ஸ் உள்ள வயர்மேன் கையில் கொடுக்க வேண்டிய பகுதியும் இதுவே.

சுவிட்ச், ஏற்றம்–இறக்கம் இரண்டும் ஒரே நேரத்தில் விழாத இன்டர்லாக் உள்ளதாக இருக்க வேண்டும். இரண்டு சாதாரண சுவிட்ச் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒருநாள் ஒரு குழந்தை இரண்டையும் போடும். அப்போது மோட்டாருக்குள் உள்ள இரண்டு கம்பிச் சுற்றுக்கும் ஒரே ஃபேஸ் போய், மோட்டார் சுற்றாமல் வேகும். டூ-வே சுவிட்சும் வேண்டாம். அதில் நடுவே நிறுத்த இடமில்லை. ஏறிக்கொண்டிருக்கும்போதே இறக்கத்தை அழுத்தும் பழக்கமும் கூடாது. அரை விநாடியாவது நிறுத்தி மாற்றுங்கள்.

இனி, நல்ல எலக்ட்ரீஷியன்களும் சறுக்கும் இடம்: இரண்டு ஜன்னல், இரண்டு மோட்டார், ஒரே சுவிட்ச். விளக்கு போல இரண்டையும் சேர்த்துக் கட்டக் கூடாது. மோட்டாருக்குள் பிரவுனுக்கும் கறுப்புக்கும் இடையே ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. பிரவுனில் ஓடும்போது, சும்மா இருக்கும் கறுப்பு வயரிலும் கெப்பாசிட்டர் வழியாக மின்னழுத்தம் வரும். அது 230ஐயே தாண்டும். இரண்டு மோட்டாரின் கறுப்பும் ஒன்றாகக் கட்டியிருந்தால் ஒன்றின் மின்சாரம் மற்றதின் எதிர்த்திசைச் சுற்றுக்குள் புகும். முதலில் மேலே போய் லிமிட்டில் நின்ற ஷட்டர் தானாகக் கீழே இறங்கும், மறுபடி ஏறும், குதிக்கும். சில வாரத்தில் லிமிட் சுவிட்ச் கருகிவிடும். மோட்டாருக்கு ஒரு சுவிட்ச், அல்லது இரண்டு மோட்டாரின் வயரும் ஒன்றோடொன்று சேராமல் இணையும் டபுள் போல் ஷட்டர் சுவிட்ச், அல்லது குரூப் கண்ட்ரோல் ரிலே. நாலாவது வழி கிடையாது. சும்மா இருக்கும் வயரைக் கையால் தொடக் கூடாது என்பதும் இதனால்தான்.

மோட்டார் கேபிள் பெட்டியிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து பிறகு மேலே ஏறட்டும். நேராகச் சரிந்து வந்தால் சாரல் தண்ணீர் கேபிள் மேலேயே ஊர்ந்து மோட்டார் தலைக்குள் போகும். வெள்ளை பிவிசி கேபிள் வெயிலில் வெடிக்கும். வெளியே தெரியும் நீளத்துக்குக் குழாய் போடுங்கள். இணைப்புகளை ஷட்டர் பெட்டிக்குள் டேப் சுற்றி விடாமல், மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸில் கனெக்டர் போட்டு முடியுங்கள். உள்ளே கேபிளைச் சுவரோடு கிளிப் அடித்து ஒதுக்க வேண்டும்; சுருள் தடிக்கும்போது உரசும்.

லிமிட்: முதலில் மோட்டார், பிறகு ஷட்டர்

திருகாணி லிமிட் உள்ள மோட்டாரில் ஒரே ஒரு ஒழுங்கு முக்கியம். ஷட்டரைக் குழாயில் மாட்டும் முன் மோட்டாரை இறக்கத் திசையில் ஓட்டி, அது தானாக நிற்கும்வரை விடுங்கள். நின்ற பிறகுதான் பட்டைகளின் மேல் முனையில் உள்ள வாரைக் குழாயில் பொருத்த வேண்டும். மாற்றிச் செய்தால், முழுக்க இறங்கிய பிறகும் குழாய் நிற்காமல் சுற்றி, வாரை எதிர்ப்பக்கமாக மடக்கி, ஷட்டரைப் பின்புறமாக மேலே இழுக்கும்.

‘ஏறு’ அழுத்தினால் இறங்குகிறதா? சுவிட்சில் பிரவுனையும் கறுப்பையும் இடம் மாற்றுங்கள். நீலத்தைத் தொடாதீர்கள்.

தலையில் இரண்டு திருகாணி இருக்கும், ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் அம்புக்குறி. அம்பு காட்டுவது குழாய் சுற்றும் திசையை. ஏற்றம், இறக்கம் என்று அல்ல. மோட்டார் இடப்பக்கம் வைத்ததா வலப்பக்கம் வைத்ததா என்பதைப் பொறுத்து எது மேல் லிமிட் என்பது மாறும். ‘+’ பக்கம் திருகினால் தூரம் கூடும், ‘–’ பக்கம் குறையும். பிளாஸ்டிக் சாவியால், கொஞ்சம் கொஞ்சமாக. பவர் ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்.

கீழே, அடிப்பட்டை ஜன்னலின் அடிவிளிம்பைத் தொட்டு, பட்டைகளுக்கு இடையே உள்ள ஓட்டைகள் மூடியதும் நிற்க வேண்டும். மேலே, அடிப்பட்டை பெட்டியின் வாய்க்கு ஒன்றிரண்டு செ.மீ. கீழேயே நிற்கட்டும். வெயிலில் பட்டை நீளும், சுருள் இறுகும் விதமும் மாறும். ஒட்ட வைத்தால் ஒருநாள் உள்ளே போய்விடும்.

பாதியில் மோட்டார் பேசாமல் நின்றால் பயப்பட வேண்டாம். தொடர்ந்து ஓட இதற்கு விதித்த நேரம் 4 நிமிடம்தான். லிமிட் சரிசெய்ய ஏற்றி ஏற்றி இறக்கினால் அந்த நேரம் தீர்ந்து, உள்ளிருக்கும் வெப்பப் பாதுகாப்பு துண்டித்துவிடும். இருபது நிமிடம் போய் டீ குடித்துவிட்டு வந்தால் தானாக ஓடும்.

ரிமோட் மோட்டார்

ரிமோட் உள்ளேயே அமைந்த மோட்டாருக்குத் திசைச் சுவிட்ச் கிடையாது. பிரவுன் நிரந்தர ஃபேஸ், நீலம் நியூட்ரல், எர்த். மெல்லிய ஆன்டெனா வயர் தொங்கினால் அதை வெட்டாதீர்கள், அலுமினியத்தோடு ஒட்டியும் வைக்காதீர்கள்.

புரோகிராம் செய்யும்போது அந்த ஒரு மோட்டாருக்கு மட்டும் மின்சாரம் இருக்கட்டும். பக்கத்து அறை மோட்டாரும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். சோம்ஃபி கம்பெனியின் ஆர்டிஎஸ் என்ற ரிமோட் வகையில் வரிசை இப்படி: ஏற்றம், இறக்கம் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள், ஷட்டர் சின்னதாக ஒரு குலுக்கு குலுக்கும். ஏற்றத்தை அழுத்திப் பாருங்கள். இறங்கினால், குலுக்கும்வரை நடுப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள், திசை மாறும். மேல் லிமிட்டில் நிறுத்தி நடுவையும் இறக்கத்தையும் சேர்த்து அழுத்தினால் தானாகக் கீழே போகும். கீழே நடுப் பொத்தானால் நிறுத்தி, சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, நடுவையும் ஏற்றத்தையும் சேர்த்து அழுத்துங்கள், தானாக மேலேறும். குலுக்கும்வரை நடுவைப் பிடித்தால் லிமிட் பதிவாகும். கடைசியாக ரிமோட்டின் பின்னால் உள்ள ‘ப்ரோக்’ பொத்தானை ஒரு தட்டு. அந்தத் தட்டுக்கு முன் கரண்ட் போனால் ரிமோட்டை மோட்டார் மறந்துவிடும். முதலிலிருந்து சேர்க்க வேண்டும்.

மற்றக் கம்பெனிகளில் பொத்தான் கூட்டணி வேறு. ஆனால் சேர்ப்பு, திசை, மேல், கீழ், பதிவு என்ற வேலைகள் அங்கும் உண்டு. கூடவே வரும் தாளைத் தொலைக்காமல் பெட்டிக்கு உட்பக்கம் ஒட்டிவையுங்கள். சந்தையில் விற்கும் காப்பி ரிமோட் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ்; ஆர்டிஎஸ் 433.42, அதோடு ஒவ்வொரு தட்டுக்கும் ரகசியக் குறியீடு மாறும். காசு வீண்.

ரிமோட் தொலைந்தால் மின்சாரத்தை 2 விநாடி நிறுத்தி, 7 விநாடி கொடுத்து, மறுபடி 2 விநாடி நிறுத்திக் கொடுங்கள். ஷட்டர் சில விநாடி தானாக அசையும். உடனே புது ரிமோட்டின் ப்ரோக்கை 2 விநாடி பிடித்தால் அது சேரும். 7 விநாடிக்கு மேல் பிடித்தால் லிமிட் உட்பட எல்லாம் அழிந்துவிடும். காற்று நாளில் கரண்ட் போய்ப் போய் வரும்போது ஷட்டர் ஆளில்லாமல் அசைவதற்கும் இதுதான் காரணம். பேயை அழைக்க வேண்டாம்.

ஓடவில்லை என்றால்

உறுமுகிறது, இரண்டு பக்கமும் சுற்றவில்லை: கெப்பாசிட்டர், அல்லது சேனல் அடைப்பு. சேனலை முதலில் பாருங்கள். குளவி மண் கூடு கட்டப் பிடித்த இடம் அது. பெட்டிக்குள் பல்லி முட்டையும் இருக்கும். சேனலுக்கு எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டும். சிலிக்கான் ஸ்ப்ரே போதும். சத்தம் வருகிறது, ஷட்டர் நகரவில்லை: டிரைவ் வீல் திருகாணி அறுந்திருக்கும். லிமிட் நாளுக்கு நாள் நகர்கிறது: தலைப்பக்க வளையம் வழுக்குகிறது. மழை பெய்தால் மட்டும் ஆர்சிசிபி விழுகிறது: கேபிளில் அந்தத் தொங்கல் வளைவு இல்லை.

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மோட்டார் உறுமிச் சூடேறும். சைன் வேவ் வேண்டும். படுக்கையறையில் ஒரு ஜன்னலுக்காவது கைப்பிடியால் சுற்றி ஏற்றும் வசதியுள்ள மோட்டாராக வாங்குங்கள். அந்த வகைக்குத் தலை பெரிது, பெட்டியும் அதற்குத் தக்கபடி வேண்டும் என்பதால், ஷட்டருக்கு அளவு கொடுக்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.