ஓதம் ஏறிய குளியலறைத் தரை: மலைவீட்டில் நாமே சரிசெய்வது எப்படி?

குளியலறையில் ஒரு டைல் லேசாக ஆடுகிறது, அடுத்த அறைச் சுவரின் அடியில் பெயிண்ட் பொரிந்து உப்புப் பூத்திருக்கிறது என்றால், தரைக்குக் கீழே ஓதம் குடியேறிவிட்டது என்று பொருள். இடுக்குகளில் வெள்ளை சிமெண்டைத் தடவி மூடுவது பலரும் செய்யும் வைத்தியம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் அது ஒரு ஐப்பசி மழையைத் தாண்டாது. மலையில் இந்த வேலையின் பெரும்பகுதி காயவைப்பதுதான். உடைப்பதும் ஒட்டுவதும் அதற்கு அடுத்தபடி.

ஆகவே முதலில் காலத்தைப் பாருங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கூடலூர், பந்தலூரில் ஜூனிலேயே தென்மேற்கு தொடங்கிவிடும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி. வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் சிமெண்ட் இறுகுவது மிகவும் மந்தமாகிவிடும். மாசியும் பங்குனியும்தான் தோதான மாதங்கள். வீட்டில் ஒரே குளியலறை என்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். அக்கம்பக்கத்து உறவைப் புதுப்பித்துக்கொள்ள நல்ல சமயம்.

படி 1: தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது?

உளியை இப்போதே எடுக்காதீர்கள். சந்தேகத்துக்கு உரியவை மூன்று: சுவருக்குள் போகும் குழாய், நஹானி டிராப்பின் (தரைத் தண்ணீர் வடியும் வாய்) கழுத்து, டைல்ஸ் இடுக்கு.

இரவு படுக்கும் முன் மேல்தொட்டிக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடி, தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். யாரும் குழாயைத் திறக்காமலே காலையில் மட்டம் இறங்கியிருந்தால் குழாய்தான் கசிகிறது. அது பிளம்பர் வேலை. மட்டம் அப்படியே இருந்தால், நஹானி டிராப்பின் வாயைத் துணிப்பந்தால் இறுக அடைத்து, தரையில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் பென்சிலால் கோடு போட்டு 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். நம் குளிரில் ஆவியாகிப் போவது சொற்பம். கோட்டை விட்டுத் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தால் தரையோ இடுக்கோ குற்றவாளி. இறங்கவில்லை, ஆனால் அடைப்பை எடுத்ததும் கீழே சொட்டுகிறது என்றால் டிராப்பின் கழுத்து. வீடுகளில் நான் பார்த்தவரை பெரும்பாலும் இந்தக் கழுத்துதான்.

ஒரு விலக்கு: பழைய தோட்ட பங்களாக்களில் மாடிக் குளியலறை பலகைத் தரையாக இருக்கும். அங்கே தண்ணீர் நிறுத்திப் பார்க்கவே கூடாது. ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் பலகை மெத்தென்று உள்வாங்குகிறதா? அடியிலுள்ள விட்டமும் உளுத்திருக்கலாம். ஆசாரியைக் கூப்பிடுங்கள், இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை.

படி 2: தட்டிப் பார்த்து உடைத்தல்

கீசரின் மின்சாரத்தை மெயினில் நிறுத்துங்கள். கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒவ்வொரு டைலாகத் தட்டினால், பிடிப்பு விட்டது ‘டொப்’ என்று வெற்றொலி தரும், சாக்பீஸால் குறியிடுங்கள். முதலில் இடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆடும் டைலின் நடுவில் உடைத்து, உளியைச் சாய்த்துப் பிடித்து ஓரம் நோக்கிப் பெயர்த்தால் நல்ல டைல்கள் பிழைக்கும். டிராப்பின் வாயை அடைத்தே வைத்திருங்கள். ஒரு சில்லு உள்ளே விழுந்தால் அதை எடுக்க வேறொரு நாள் போகும்.

படி 3: காயவைத்தல்

டைலின் அடியில் இருக்கும் கலவை கறுத்து, விரலால் கிள்ளினால் ஈரமணலாக உதிரும். அதையெல்லாம் கெட்டியான தளம் வரும்வரை வழித்தெடுங்கள். ஜன்னலைத் திறந்து, வாசலில் ஒரு மின்விசிறியை வைத்து ஓடவிடுங்கள். மூடுபனி இறங்கும் மாலையில் ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். இல்லையென்றால் பகலில் போன ஈரம் இரவில் திரும்பி வந்துவிடும்.

சீக்கிரம் காய வேண்டுமென்று கரிக் கணப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. எட்டிப் பார்க்கப் போகிறவரை அப்படியே சாய்த்துவிடும்.

காய்ந்ததா என்று அறிய, ஒன்றரை அடிச் சதுரக் கெட்டிப் பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டுங்கள். மறுநாள் மதியம் பிரித்துப் பாருங்கள். அடிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

படி 4: கழுத்தும் வாட்டமும்

டிராப் குழாயைச் சுற்றி ஓர் அங்குல ஆழத்துக்குக் குடைந்து, தூசி தட்டி, சுருங்காத கிரவுட் (இடைவெளி நிரப்பும்) கலவையால் இறுக்கி அடையுங்கள். சாதாரண சிமெண்ட் காயும்போது சுருங்கிக் குழாயை விட்டு விலகும். பழைய கசிவே அப்படித்தான் வந்திருக்கும்.

பிறகு ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு சலித்த மணல் கலந்து தளம் போடுங்கள். சில்லென்ற தண்ணீரை விட, கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது. மீட்டருக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் வாட்டம் (சரிவு), எல்லாப் பக்கமும் டிராப்பை நோக்கி இருக்க வேண்டும். ரசமட்டத்தை மட்டும் நம்பாமல், கலவை இறுகியபின் ஒரு குவளைத் தண்ணீரை மூலையில் ஊற்றுங்கள். எங்காவது தேங்கினால் இப்போதே திருத்துவது எளிது. சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக மெழுகிவிடுங்கள். ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள்.

படி 5: நீர்த்தடுப்புப் பூச்சு

பொடியும் திரவமுமாக வரும் சிமெண்ட் வகைப் பூச்சு தொடக்கக்காரருக்கு ஏற்றது. உள்ளூர்க் கடையில் இல்லையென்றால் மேட்டுப்பாளையத்தில் கிடைக்கும். வேலை தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். இந்தப் பூச்சுக்கு முன் தளத்தை லேசாக நனைக்கச் சொல்வார்கள். காயவைத்ததெல்லாம் வீணா என்று கேட்பீர்கள். அடியில் ஊறிக் கிடக்கும் ஓதம் பூச்சைத் தள்ளிக்கொண்டு மேலே வரும்; மேலே தெளிக்கும் நீர் பூச்சு பிடிக்க உதவும். இரண்டும் வேறு. தேங்கி நிற்காமல் நனைந்தால் போதும்.

மூலைகளிலும் டிராப்பைச் சுற்றியும் கண்ணாடியிழை வலையைப் பதித்து, முதல் பூச்சை நீளவாக்கில் அடியுங்கள். பொட்டலத்தில் சில மணி நேரம் என்றிருந்தாலும் இங்கே மறுநாள்வரை விட்டு, இரண்டாவதைக் குறுக்குவாக்கில் அடியுங்கள். சுவரில் ஓரடி உயரம், ஷவர் பக்கம் ஆளுயரம் ஏற வேண்டும். நன்றாக இறுகியபின் மீண்டும் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் பாருங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்கச் சொல்லும் கொத்தனாரைத் தவிர்த்துவிடலாம்.

படி 6: டைல்ஸ்

வழுக்காத, சொரசொரப்பான சிறிய டைலாக எடுங்கள், வாட்டத்துக்கு வளைந்துகொடுக்கும். பல் வைத்த கரண்டியால் ஒட்டுக்கலவையை வரிவரியாக இழுத்து, டைலை அழுத்தி, 3 மில்லிமீட்டர் இடுக்கு விடுங்கள். இரண்டு நாள் கழித்து இடுக்கில் எபாக்ஸி கிரவுட். சுவரோர மூலைக்கு மட்டும் சிலிகான். மூன்று நாளாவது தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டு, பிறகு குளிக்கலாம்.

உடைத்த காரையைச் சரிவிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். அடுத்த மழையில் அது கீழ்வீட்டு வடிகாலை அடைக்கும். தோட்டப் பாதையில் பள்ளம் இருந்தால் அங்கே நிரப்பலாம்.