சண்டைக் காட்சி எழுதும் முன்

குறும்படம் எடுக்கும் தம்பிகள் ஸ்கிரிப்ட் கொண்டுவந்து தந்தால் நான் முதலில் சண்டை வரும் பக்கத்தைத்தான் புரட்டுவேன். எடிட்டிங் வேலை செய்து வந்த பழக்கம். பாதிப் பேர் அங்கே "பயங்கரமான ஃபைட்" என்று ஒரே வரியோடு விட்டிருப்பார்கள், மீதியை ஸ்டண்ட் மாஸ்டர் பார்த்துக்கொள்வார் என்று. அடி எப்படி விழ வேண்டும் என்பதை மாஸ்டர் பார்த்துக்கொள்வார், சரி. அது ஏன் விழுகிறது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

முதல் வேலையாக, அந்தச் சண்டையைத் தூக்கிவிட்டு முன் காட்சியையும் பின் காட்சியையும் ஒட்டிப் படியுங்கள். கதை தடங்கலில்லாமல் போகிறதா? அப்படியானால் சண்டையை இப்போதே மாற்றி எழுதுங்கள். நீளம் குறைக்க உட்காரும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான். அதற்குள் ஆளைத் தூக்கும் ரோப், கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்று பணமெல்லாம் கரைந்திருக்கும்.

அடுத்து, சண்டை போடும் நாயகனிடம் என்ன இல்லை என்று முடிவு செய்யுங்கள். 1988இல் ஜான் மெக்டியர்னன் எடுத்த 'டை ஹார்ட்' படத்தை இதற்காகவே மறுபடி பாருங்கள். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன யோசனையைக் கேட்டு நாயகன் ஜான் மெக்ளேன் செருப்பு, ஷூ எதுவும் இல்லாமல் தரைவிரிப்பில் நிற்கிறான். அந்த நேரத்தில் துப்பாக்கிக்காரர்கள் உள்ளே நுழைகிறார்கள். அவ்வளவுதான், படம் முழுக்க வெறுங்கால். வில்லன் அதைக் கவனித்துவிட்டுக் கண்ணாடிகளைச் சுடச் சொல்கிறான். கண்ணாடி சிதறுவது கண்ணுக்குப் பெரிய விருந்து. ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது: குளியலறையில் உட்கார்ந்து பாதத்திலிருந்து கண்ணாடித் துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டே, வெளியே இருக்கும் போலீஸ்காரரிடம் வயர்லெஸ்ஸில், தன் மனைவியிடம் மன்னிப்புச் சொல்லச் சொல்கிறான். வீம்பு பிடித்த மனிதன் வாயைத் திறக்க அந்தக் காயம் தேவைப்பட்டது. காயத்தை அடுத்த காட்சியில் மறந்துவிடாதீர்கள். நொண்டியவன் நொண்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

அப்புறம், அடிக்காமல் இருக்கும் காட்சியை முன்னால் வையுங்கள். 'பாட்ஷா'வில் (1995) மாணிக்கம் கம்பத்தில் கட்டப்பட்டு அடி வாங்குகிறான், கை ஓங்குவதில்லை. தங்கையைத் தொட்டதும் அடிக்கிறான். தியேட்டர் அலறியது அந்தப் பொறுமை உடைந்ததற்காக. ஸ்லோமோஷன் அதற்குத் துணை போனது, அவ்வளவுதான்.

பிரம்மாண்டத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' (2015) ஏறக்குறைய முழுப்படமும் துரத்தல்தான், எனக்கு உயிர். அதில் இயக்குநர் ஜார்ஜ் மில்லர் முக்கியமான ஆளையோ பொருளையோ பெரும்பாலும் சட்டகத்தின் நடுவிலேயே வைத்தார். வெட்டுகள் எவ்வளவு வேகமாக வந்தாலும் கண் தேடி அலைவதில்லை. யார் எதற்காக வண்டி மேல் ஏறுகிறார் என்பது புரிந்துகொண்டே இருக்கிறது. நீங்களும் ஷாட் பிரிக்கும்போது, யார் எந்தப் பக்கம், வாசல் எங்கே என்று ஒரு தாளில் வரைந்து கேமராமேனிடம் கொடுத்துவிடுங்கள்.

எடிட் முடிந்ததும் பின்னணி இசை சேர்க்கும் முன்பு சத்தமில்லாமல் ஓட்டி, கதை தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். "இவனுக்கு என்ன வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் புதிய ஷாட் எடுக்க ஓடாதீர்கள். சண்டைக்கு முந்தைய காட்சியைத் திறந்து, அங்கே எழுத ஆரம்பியுங்கள்.