லினக்ஸுலேட்டரில் இல்லாத சிஸ்காலைச் சேர்ப்பது எப்படி?

லினக்ஸுக்கென்று கம்பைல் செய்த நிரலை ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் அப்படியே ஓடவைக்கும் அடுக்குதான் லினக்ஸுலேட்டர். நிரல் கேட்கும் சிஸ்காலை (கர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம், வைக்கும் கோரிக்கையை) வாங்கி, ஃப்ரீபிஎஸ்டி கர்னலுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பதே அதன் வேலை. மாற்றித்தர ஆளில்லாத இடத்தில் நிரலுக்கு ஈநோசிஸ் (அப்படியொரு சிஸ்கால் இல்லை) பிழை போகும்.

முதலில் எது இல்லை என்று கண்டுபிடியுங்கள். நிரலை ஓட்டிவிட்டு, கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜ் கட்டளையில் பார்த்தால், நிரலின் பெயர், பிராசஸ் எண்ணோடு எந்த சிஸ்கால் எழுதப்படவில்லை என்றும் இருக்கும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் சிஸ்கால்களைப் பதிவுசெய்யும் கேடிரேஸில் ஓட்டி, அந்தப் பதிவைக் காட்டும் கேடம்பில் தோற்ற சிஸ்கால்களைத் தேடுங்கள்.

அடுத்து சோர்ஸில் சிஸ்/ஏஎம்டி64/லினக்ஸ் அடைவுக்குள் உள்ள சிஸ்கால்ஸ்.மாஸ்டர் என்ற சிஸ்கால் பட்டியலைத் திறங்கள். நீங்கள் தேடும் பெயர் பெரும்பாலும் எண்ணோடு அங்கேயே இருக்கும். ஆர்க்யுமென்ட் (சிஸ்காலுக்குக் கொடுக்கும் மதிப்பு) இடத்தில் வெறும் வாய்ட், அதாவது ஒன்றுமில்லை என்று இருக்கும். லினக்ஸ் கையேட்டின்படி ஆர்க்யுமென்ட்களை நிரப்பி, சோர்ஸின் மேல் அடைவில் மேக் சிஸென்ட் கட்டளையைக் கொடுங்கள். அது உருவாக்கும் கோப்புகளில் கை வைக்காதீர்கள். அடுத்த முறை அழிந்துவிடும். லினக்ஸ்_டம்மி கோப்பில் அதே பெயருக்கு உள்ள டம்மி வரியையும் நீக்குங்கள். விட்டுவைத்தால் ஒரே ஃபங்ஷன் இரண்டு இடத்தில் இருக்கிறதென்று லிங்கர் நின்றுவிடும். ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் தனிக் கோப்பு உண்டு, எண்ணும் மாறலாம்: ஓப்பன்அட் ஏஎம்டி64இல் 257, ஐ386இல் 295, ஆர்ம்64இல் 56.

இனி அந்த சிஸ்காலுக்கான ஃபங்ஷனை எழுத வேண்டும். திறந்த கோப்புகளை எண் வரிசையில் மொத்தமாக மூடும் க்ளோஸ்_ரேஞ்ச் (எண் 436) படித்துப் பழக நல்ல மாதிரி. தொடக்க எண் முடிவு எண்ணைவிடப் பெரிதா, தெரியாத ஃபிளாக் (விருப்பத்தைக் குறிக்கும் பிட்) ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஈஇன்வால் (தவறான மதிப்பு) பிழை கொடுக்கிறது. மற்றதை ஃப்ரீபிஎஸ்டி கர்னலின் கெர்ன்_க்ளோஸ்_ரேஞ்ச் ஃபங்ஷன் பார்த்துக்கொள்கிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தான இடம் ஃபிளாக்தான். பெயர் ஒன்றாக இருக்கும், எண் வேறாக இருக்கும். லினக்ஸில் ஓ_அப்பெண்ட் (கடைசியில் சேர்) 0x400. ஃப்ரீபிஎஸ்டியில் அதே 0x400 ஓ_ட்ரங்க் (காலி செய்)! மாற்றாமல் அனுப்பினால், கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்க்க வந்த நிரல் கோப்பையே காலி செய்துவிடும். பிழைச் செய்திகூட வராது. ஆகவே ஒவ்வொரு பிட்டையும் தனித்தனியாகச் சோதித்து மாற்றுங்கள்.

பிழை எண்ணுக்கு நேர்மாறான விதி: அதை நீங்கள் மாற்றக் கூடாது. ஃப்ரீபிஎஸ்டியின் எண்ணையே திருப்புங்கள், அடுக்கு அதை மாற்றிக்கொள்ளும். ஈஅகெய்ன் (மறுபடி முயன்று பார்) பிழை ஃப்ரீபிஎஸ்டியில் 35, லினக்ஸில் 11. நீங்களாக 11 கொடுத்தால் ஃப்ரீபிஎஸ்டி அதை ஈடெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்து முடங்கும் நிலை) என்று எடுத்துக்கொள்ளும். நிரலுக்குப் போய்ச் சேர்வதும் அதுதான்.

எழுத முடியாத சிஸ்காலுக்குச் சும்மா 0 திருப்பாதீர்கள். ஈநோசிஸ் கண்டால் பல நிரல்கள் மாற்று வழிக்குப் போகும். பொய்யான வெற்றி அந்த வழியை அடைத்துவிடும்.

சோதனையை விர்ச்சுவல் மெஷினில் செய்யுங்கள். தவறு கர்னலையே விழுத்தக்கூடும். சோர்ஸும் ஓடும் கர்னலும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். லினக்ஸுலேட்டர் இருக்கும் லினக்ஸ்64 மாட்யூலைக் கட்டி, லினக்ஸ் நிரல்கள் அனைத்தையும் நிறுத்திய பிறகே பழைய மாட்யூலைக் கர்னலிலிருந்து நீக்கிப் புதியதை ஏற்றுங்கள். சோதனை நிரலில் ஜிலிப்சி என்ற லினக்ஸ் சி நூலகத்தின் ஃபங்ஷனை நம்பாமல், சிஸ்கால் எண்ணை நேரடியாகக் கொடுத்து அழையுங்கள். சரியான மதிப்பு, தவறான ஃபிளாக், தவறான பாயின்டர் என மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். ஸ்டாட்டிக்காக (நூலகங்களையும் உள்ளேயே சேர்த்து) கட்டிய நிரலை அடையாளம் தெரியவில்லை என்று கர்னல் தள்ளினால், பிராண்டெல்ஃப் கட்டளையால் லினக்ஸ் முத்திரை குத்தி ஓட்டுங்கள்.