அடித்தளத்தில் மோதிய அலை

முதல் முறை கேட்டமரான் என்னும் இரட்டை உடல் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்தபோது அறைகளை மட்டுமே எண்ணினேன். 40 அடிப் படகு, நான்கு அறைகள், எட்டுப் பேர், அத்தனை பேரின் மூட்டைகளும். எதிர்காற்றில் கிளம்பியதும், இரண்டு உடல்களையும் இணைக்கும் தளத்தின் அடியில் அலை மடார் மடாரென்று மோதியது. குழந்தைகள் பயந்தே போனார்கள். பாரம் ஏறினால் படகு தாழ்ந்து, தளத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி குறையும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

அடுத்த முறை அதே நீளம்தான். ஆனால் ஆறே பேர், மூன்று அறைகள். அந்த இடைவெளி எவ்வளவு என்பதைத்தான் முதலில் கேட்டேன். பாய்களின் வயது, நன்னீர்த் தொட்டியின் அளவு எல்லாம் பிறகு. பெட்டிகளுக்குப் பதில் துணிப்பைகள். எதிர்காற்று வந்தபோது அடியில் எப்போதாவது ஒரு தட்டல், அவ்வளவுதான். படகு லேசாக ஓடியது.