திருப்பி அனுப்பிய பொருள் வழியில் தொலைந்தால்

போன வருஷம் ஆன்லைனில் வாங்கிய செருப்பு காலுக்குச் சேரவில்லை. ரிட்டர்ன் போட்டேன், கூரியர் தம்பி வந்து வாங்கிக்கொண்டும் போனார். மூன்று வாரம் கழித்து, "பொருள் எங்களுக்கு வரவில்லை, பணம் தர முடியாது" என்று பதில்! என்னைக் காப்பாற்றியது ஒரு போட்டோதான். டிராக்கிங் எண் தெரிகிற மாதிரி பொட்டலத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன்.

பிக்கப் முடிந்ததாக வரும் எஸ்எம்எஸ்ஸையும் அழிக்காதீர்கள். நீங்களே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால், ரசீதை அங்கேயே படம் எடுத்துவிடுங்கள். அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.

கடைக்காரர்கள் அனுப்பிய ஆளிடம் கொடுத்த பிறகு பொருள் தொலைந்தால், அது அவர்களுக்கும் கூரியருக்கும் உள்ள வழக்கு. இதை கஸ்டமர் கேரில் போனில் வாதாடிப் பயனில்லை. ஒவ்வொரு தடவையும் புது ஆளிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு (Grievance Officer), படங்களோடு மெயில் அனுப்புங்கள். அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அப்புறமும் அசையவில்லையா? 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை, மெயில் போட்ட எட்டாம் நாள் பணம் வந்துவிட்டது.